உப்புத்தாள் எழுத்துகள்

உட்காருங்கள் அம்மா, உட்காருங்கள். பாப்பாவுக்கு ஜன்னல் ஓரம் வேண்டுமா? நான் இப்படி நகர்ந்துகொள்கிறேன். இந்தப் பெட்டி மட்டும் என் மடியிலேயே இருக்கட்டும். கனமெல்லாம் இல்லை, உள்ளே அட்டையும் தாளும்தான். ஆனால் சாய்ந்தால் ஒன்றோடொன்று உரசிவிடும். உரசக் கூடாது. பாப்பா, தொடாதே கண்ணு. கண்ணால் பார்த்தால் போதும்.

எது வரைக்கும் போகிறீர்கள்? நத்தமா. நான் வாகைப்பட்டி விலக்கில் இறங்க வேண்டும். இறங்க வேண்டும் என்றுதான் ஏறியிருக்கிறேன்.

கண்டக்டர் என்னைப் பார்த்து ஏன் சிரிக்கிறான் என்று யோசிக்கிறீர்கள், இல்லையா? போன செவ்வாய்க்கிழமையும் இதே பஸ், இதே பெட்டி. வாகைப்பட்டி விலக்கில் எனக்காக விசில் கொடுத்து நிறுத்தினான். நான் எழுந்திருக்கவில்லை. நத்தம் வரைக்கும் போய் ஒரு காபி குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் மதுரைக்கே திரும்பிவிட்டேன். அதற்கு முந்தின வாரமும் அப்படியே. இன்றைக்கு மாட்டுத்தாவணியில் ஏறும்போதே கேட்டுவிட்டான், "என்ன டீச்சர், இன்னைக்காச்சும் இறங்குவீங்களா, இல்ல நத்தத்துலயே ஒரு வீடு பாத்துருவமா?" என்று. பஸ்ஸே சிரித்தது. நல்லவேளை, நீங்கள் அப்போது ஏறவில்லை.

என் பேச்சு மேடையில் பேசுகிற மாதிரி இருக்கிறதோ? மருமகளும் அதைத்தான் சொல்வாள், "அத்தை செய்தி வாசிக்கிறாங்க" என்று. தமிழில் எம்.ஏ. படித்தேன். படிக்கிற காலத்தில் கவிதைகூட எழுதினேன். அப்புறம் முப்பத்துநான்கு வருஷம் பிள்ளைகள் முன்னால் நின்று இப்படியே பேசிப் பேசி, நாக்கு இந்தப் பக்கமே மடங்கிவிட்டது. பெயர் அங்கயற்கண்ணி. சின்னப் பிள்ளைகளுக்கு அத்தனை நீளம் வாயில் நுழையாது. கண்ணி டீச்சர் என்பார்கள்.

நீங்களும் டீச்சரா? இல்லையா. ஜவுளிக்கடையிலா. நல்லது. டீச்சர் என்றிருந்தால் இதை நான் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

உப்புத்தாள் தெரியும்தானே? தச்சர்கள் மரத்தைத் தேய்ப்பார்களே, சொரசொரவென்று, அதேதான். அதில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டியிருக்கிறேன். பெட்டிக்குள் இருப்பது அதுதான். அ, ஆ, இ, ஈ. உயிரெழுத்துக்குச் சிவப்பு அட்டை, மெய்யெழுத்துக்கு நீலம். ஒவ்வொன்றையும் முதலில் நானே எழுதி, அதை உப்புத்தாளின் மேல் வைத்து, நகம் வெட்டுகிற கத்தரிக்கோலால் வெட்டினேன். ஒரு கோடைவிடுமுறை முழுக்க அதுதான் வேலை. என் கையெழுத்தைப் பற்றி நானே சொல்லக் கூடாது. ஒன்றிய அலுவலகத்தில் வாழ்த்துமடல் எழுத வேண்டும் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இந்த எழுத்துகளுக்கு மாவட்டத்தில் முதல் பரிசு. சான்றிதழ் இதோ, இந்த மஞ்சள் பையில் இருக்கிறது. அப்புறம் காட்டுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு பயிற்சிக்குப் போனோம். சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார், ஒல்லியான மனிதர். "ஒரே மாதிரி எல்லாப் பிள்ளைக்கும் படிப்பு ஏறாது. ஒரு பிள்ளைக்குக் கண் வழியாகப் போகும், ஒன்றுக்குக் காது வழியாக, ஒன்றுக்குக் கை வழியாக. எந்தப் பிள்ளைக்கு எது என்று நமக்குத் தெரியாது. அதனால் வகுப்பில் எல்லாப் பொருளையும் வையுங்கள். கைக்கு எட்டுகிற உயரத்தில் வையுங்கள். எடுத்துக் கலைக்கட்டும், கிழிக்கட்டும். கிழிந்தால் வேறு செய்துகொள்ளலாம்" என்றார். அவர் பேச்சு எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சார் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுதியிருக்கீங்க" என்றார்.

பயிற்சியின் கடைசி நாள் சொன்னார்கள், தையில் மாவட்ட அளவில் கண்காட்சி நடக்கும், நீங்கள் செய்யும் பொருள்களுக்குப் பரிசு உண்டு என்று. அந்த ஒல்லி மனிதர் அதைச் சொல்லவில்லை. அவர் ஊருக்குப் போன பிறகு வேறு ஒருவர் சொன்னார். எனக்கு அவர் சொன்னதும் இவர் சொன்னதும் ஒன்றாகக் கலந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பாப்பா, மூடியைத் தட்டாதேம்மா.

வாகைப்பட்டி ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பு, இரண்டு பேர். நான்காவது ஐந்தாவதைத் தலைமை ஆசிரியர் பார்த்துக்கொள்வார், கீழ் மூன்று வகுப்பும் எனக்கு. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் என் வகுப்பின் பின் மூலையில் மேஜை போட்டு, மூங்கில் தட்டுகளில் எல்லாவற்றையும் அடுக்கினேன். உப்புத்தாள் எழுத்துகள், மணி கோத்த கயிறு, மணல் தட்டு, படங்கள். மேலே ஒரு வெள்ளை சார்ட்டில் நானே ஒரு வரி எழுதி ஒட்டினேன். "விரல் வழியே விளங்கும் தமிழ்." நன்றாக இருக்கிறதா? வி, வ, வி, வழுக்கிக்கொண்டு போகிறது பாருங்கள். அதற்குக் கீழே மேஜையைச் சுற்றிச் சணல் கயிறு கட்டினேன். கயிற்றில் ஒரு அட்டை தொங்கவிட்டேன். "யாரும் தொடக் கூடாது."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எட்டு மாதம் அந்த இரண்டு வாசகமும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. ஏ.இ.ஓ., அதுதான் கல்வி அதிகாரி, இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, "பேஷ் பேஷ்" என்று பார்வையாளர் ஏட்டில் எழுதிவிட்டுப் போனார். அவருக்கும் சிரிப்பு வரவில்லை, எனக்கும் வரவில்லை.

தொடவிட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். பிள்ளைகள் கை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மூக்கைத் துடைத்த கை, புளியங்காய் தின்ற கை. கண்காட்சிக்குப் போக வேண்டிய பொருள். நான் செய்தது தப்பு என்று இப்போது தெரிகிறது, ஆனால் அதில் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை.

மூன்றாம் வகுப்பில் வெள்ளையம்மா என்று ஒரு பெண். மெலிந்து, கறுத்து, தலை எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். ஊர்க்கோடித் தெரு. அம்மா மல்லிகைத் தோட்டத்துக்குக் கூலி. விடிவதற்கு முன்னால் அம்மாவும் மகளும் பூ பறிக்கப் போய்விடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் மொட்டு பஸ் ஏறிவிட வேண்டுமே. அது முடிந்ததும் அவள் நேரே பள்ளிக்கு வந்துவிடுவாள். வீட்டுக்குப் போனால் வெறும் வீடு. நான் மதுரையிலிருந்து வர ஒன்பதே கால் ஆகும். அதனால் வகுப்பறைச் சாவியை அவளிடமே கொடுத்திருந்தேன். திறந்து, பெருக்கி, தண்ணீர் எடுத்து வைத்துவிடுவாள். வேறு பிள்ளைகளைச் சொன்னால் வீட்டிலிருந்து ஆள் வந்துவிடும். இவள் வீட்டிலிருந்து யாரும் வர மாட்டார்கள். அதையும் நான் அப்போது யோசித்துச் செய்யவில்லை. இல்லை, யோசித்துத்தான் செய்திருப்பேன். பெருக்க அவள் கை ஆகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

படிப்பு ஏறவே இல்லை அவளுக்கு. மூன்றாம் வகுப்புக்கு வந்தும் 'அ' தெரியாது. கரும்பலகையில் நான் எழுதுவேன், அவள் சிலேட்டில் ஒன்று போடுவாள். எழுத்து இடம் வலம் மாறிக் கிடக்கும், காலை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். "பார்த்து எழுது, பார்த்து எழுது" என்பேன். பார்க்கத்தான் பார்ப்பாள். கண்ணை இடுக்கிக்கொண்டு, அத்தனை கவனமாகப் பார்ப்பாள். மறுபடியும் அதே. எனக்கு எரிச்சலாக வரும். என் எழுத்தைப் பார்த்து இப்படி ஒருத்தி எழுதுகிறாளே என்று. கடைசி வரிசையில் உட்கார வைத்தேன். அந்த மேஜைக்குப் பக்கத்தில். கயிற்றுக்கு இந்தப் புறம்.

ஊமச்சிகுளம் தாண்டிவிட்டோமா? இன்னும் நேரம் இருக்கிறது.

கண்காட்சி ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் கட்டி வைக்கலாம் என்று முதல் பஸ்ஸிலேயே போய்விட்டேன். எட்டு மணி இருக்கும். வகுப்பறைக் கதவு திறந்திருந்தது. தரை பெருக்கியிருந்தது. மேஜையை மூடியிருந்த பிளாஸ்டிக் தாள் ஒரு பக்கமாகச் சுருட்டி வைத்திருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம், தரையில், கால் மடக்கி உட்கார்ந்திருந்தாள். மடியில் என்னுடைய சிவப்பு அட்டை. 'ஐ'. கண் இரண்டையும் இறுக்கி மூடியிருந்தாள். விரலை எழுத்தின் மேல் வைத்து இழுத்துக்கொண்டே, "ஐ, ஐ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். விரல் போகிற சத்தம் எனக்கு வாசலிலேயே கேட்டது. சர், சர் என்று. அவ்வளவு மெல்லிய சத்தம்.

நீங்களாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? பிள்ளை படிக்கிறது என்றுதானே. நான் அட்டையைப் பார்த்தேன். அட்டையின் ஓரம் கறுத்திருந்தது. உப்புத்தாளில் வாழைநார் இழை சிக்கியிருந்தது, பூக் கட்டுகிற நார். தட்டில் இருந்ததை எல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்தேன். அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ, ஏ. எட்டும் அழுக்கு. எட்டிலும் மல்லிகை வாசனை. தாள் தேய்ந்து மொழுமொழுவென்று ஆகியிருந்தது. மற்றதெல்லாம் புத்தம் புதிதாக இருந்தது. கண்காட்சிக்கு நடுவில் இரண்டே நாள், சனியும் ஞாயிறும்.

"என்னடி இது?" என்றேன்.

அவள் பயந்துதான் போனாள். ஆனால் முகத்தில் பயம் மட்டும் இல்லை. எதையோ சொல்ல வேண்டும் என்று துடிக்கிற முகம். "டீச்சர், தடவுனா தெரியுது டீச்சர்" என்றாள்.

தடவுனா தெரியுது டீச்சர்.

எனக்கு அது திமிராகப் பட்டது. தொடக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறேன், இவள் தடவினால் தெரிகிறது என்கிறாளே என்று. அந்த அட்டையில் எழுதியிருந்ததை அவளால் படிக்க முடியாது என்பதுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை.

நான் அடிக்கவில்லை. பிள்ளைகளை அடிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். திட்டினேன். திட்டுகிற சத்தத்தில் மற்றப் பிள்ளைகள் வந்து வாசலில் கூடிவிட்டார்கள். தலைமை ஆசிரியரும் வந்தார். "சாவியக் குடுத்தா இப்புடித்தான் டீச்சர், இன்னைக்குத் தடவும், நாளைக்குத் தூக்கிட்டுப் போகும்" என்றார். உடனே ஒரு பையன், "களவாணி டீச்சர்! வெள்ளச்சி களவாணி!" என்று கத்தினான். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். களவாணி, களவாணி என்று பாட்டு மாதிரி. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடங்கியிருக்கும். என் ஒரு பார்வைக்கே அடங்குகிற வகுப்பு அது.

ஸ்கேலால் ஒரே ஒரு அடி. அது எல்லோரும் வந்த பிறகு. கையை நீட்டச் சொன்னேன், அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அதனால்தான் கோபம் வந்தது.

பாப்பா, பெட்டிக் கயிற்றை அவிழ்க்காதே. உங்கள் பெண்ணுக்குக் கை சும்மா இருக்காது போலிருக்கிறதே.

சாயங்காலம் அவள் அம்மா வந்தாள். தோட்டத்திலிருந்து நேரே வந்திருக்க வேண்டும், தலைத்துணியைக்கூட அவிழ்க்கவில்லை. வகுப்புக்குள் வரவில்லை. வாசலில் நின்றே கேட்டாள், "எம்புள்ள களவாங்கலன்னு பிள்ளைக முன்னாடி ஒரு வார்த்த சொல்லிருங்க டீச்சர். படிப்பு வராட்டிப் போகுது. அந்தப் பேரோட அது எப்படி டீச்சர் தெருவுல நடக்கும்?"

நான் அப்போது உயிரெழுத்து அட்டைகளை எண்ணிப் பிரித்துக்கொண்டிருந்தேன், எதையெல்லாம் மறுபடி செய்ய வேண்டும் என்று. தலையைத் தூக்காமலே, "திங்கட்கிழமை கழியட்டும்மா, பார்க்கலாம்" என்றேன்.

"ஒரு வார்த்தைதான டீச்சர்" என்றாள்.

"திங்கட்கிழமை கழியட்டும்" என்றேன்.

திங்கட்கிழமை கழிந்தது. சனி ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து ஒன்பது எழுத்தையும் புதிதாகச் செய்துவிட்டேன். முதல் பரிசு. கலெக்டர் கையால் சான்றிதழ். அவரும் எழுத்தைத் தொட்டுப் பார்த்து, "தொடுவதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது" என்றார். அவரைத் தொடக் கூடாது என்று சொல்ல முடியுமா? செவ்வாய்க்கிழமை பள்ளியில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். வெள்ளையம்மா வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. தலைமை ஆசிரியர்தான் ஆள் அனுப்பியிருக்க வேண்டும், அது அவர் பொறுப்பு. நான் வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ஒவ்வொரு நாளும் ஒரு 'ஆ' போட்டுக்கொண்டு வந்தேன். ஆப்சென்ட்டுக்கு 'ஆ' போடுவோம். அவளுக்குத் தெரிந்த இரண்டாவது எழுத்து. மார்ச் மாதம் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்துப் பெயரை எடுத்தாயிற்று.

அதற்கப்புறம் அந்தப் பள்ளியில் ஆறு வருஷம் இருந்தேன். அந்தத் தெரு எனக்குத் தெரியும், வீடும் தெரியும். அரை மைல்கூட இல்லை.

இவ்வளவு காலம் கழித்து இப்போது ஏன் போகிறேன் என்றுதானே பார்க்கிறீர்கள்? சொல்கிறேன். ஒரு மாதத்துக்கு முன்னால், பென்ஷனுக்காக உயிரோடு இருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்க பேங்குக்குப் போனேன். பக்கத்து வரிசையில் ஒரு பெண். முப்பத்தைந்து வயசு இருக்கும். கையில் ஒரு விண்ணப்பப் பாரம். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் உதவித்தொகை தருகிறார்களாம், கணக்குத் தொடங்க வேண்டுமாம். மகள் எழுதித் தருகிறேன் என்றுதான் சொன்னாளாம், ஆனால் அவளுக்கு அன்றைக்குப் பரீட்சை. "அம்மா, இதக் கொஞ்சம் எழுதிக் குடுக்குறீங்களா?" என்றாள். இந்த மாதிரி வேலை எனக்குப் பிடிக்கும். வாங்கிக்கொண்டேன்.

"பேர் சொல்லம்மா."

"வெள்ளையம்மா."

"ஊர்?"

"வாகைப்பட்டி."

பேனா நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். தலை ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தது. மல்லிகை வாசனை வந்தது. தலையில் பூ இல்லை, கையில்தான் அந்த வாசனை.

எழுதி முடித்தேன். நன்றாகத்தான் எழுதினேன். கவுண்டரில் இருந்த பெண், "இங்க கைநாட்டும்மா" என்று மைப்பெட்டியைத் தள்ளினாள். கையெழுத்துப் போடுகிற இடத்தில் என் எதிரிலேயே அவள் கையைப் பிடித்து, மையில் புரட்டி, அழுத்தினாள். அழுத்தி எடுத்ததும் வெள்ளையம்மா அந்தப் பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுதியதை. படிக்கத் தெரியாதவள் எதைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். மை உள்ள விரலை ஒதுக்கி வைத்துக்கொண்டு, அடுத்த கையின் ஆள்காட்டி விரலால் ஒரு எழுத்தை மெல்லத் தடவினாள். தந்தை பெயர் 'அ'வில் தொடங்கியிருந்தது.

"இது கண்ணி டீச்சர் எழுத்துல்ல?" என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். "டீச்சர், நீங்களா டீச்சர்?"

இதைத்தான் அம்மா நான் யாரிடமும் சொல்லவில்லை. மருமகளிடம் சொல்லவில்லை, மகனிடம் சொல்லவில்லை. "நான் இல்லைம்மா, ஆள் மாற்றிப் பார்க்கிறாய்" என்றேன். இதே செந்தமிழில். "நான் பள்ளிக்கூடத்தில் வேலையே பார்த்ததில்லை" என்றும் சொன்னேன்.

அவள் மறுபடியும் அந்த எழுத்தைப் பார்த்தாள். அப்புறம், "மன்னிச்சுக்கங்கம்மா, அவுங்க எழுத்து மாதிரியே இருந்துச்சு" என்றாள். சொல்லிவிட்டுச் சும்மா போயிருக்கலாம். வரிசையில் எனக்கு இன்னும் நேரம் இருந்தது, பக்கத்திலேயே நின்றுகொண்டு பேசினாள். "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. ஆனா ஒம்போது எழுத்துத் தெரியும். அ-வுல இருந்து ஐ வரைக்கும். கண்ண மூடிக்கிட்டா இப்பவும் எழுதிருவேன். எம்மகளுக்கு அந்த ஒம்போதும் நாந்தான் கையப் புடிச்சுச் சொல்லிக் குடுத்தேன், மிச்சத்தப் பள்ளிக்கூடத்துல படிச்சுக்கிட்டா. கண்ணி டீச்சர் செஞ்ச எழுத்தும்மா அது. ரொம்ப நல்ல டீச்சர். நாந்தான் அவுங்க பொருளக் கெடுத்துப்புட்டேன்."

நாந்தான் கெடுத்துப்புட்டேன் என்றாள். அவளை நான் எத்தனை அடி அடித்தேன் என்று எனக்கே தெரியாது. ஒன்று என்றா சொன்னேன் உங்களிடம்? எண்ணவில்லை. ஒளித்து வைத்திருந்த கையை இழுத்து, விரல் மேலேயே அடித்தேன். எந்த விரல் தடவியதோ அதன் மேலேயே.

வீட்டுக்கு வந்து பரண் மேலிருந்து இந்தப் பெட்டியை இறக்கினேன். பழைய ஒன்பதும் அடியில் செய்தித்தாளில் சுற்றிக் கிடந்தன. தூக்கி எறியத்தான் வைத்திருந்தேன், மறந்துவிட்டேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தேன். அன்றைக்கு அழுக்கு என்று நினைத்தேனே, அது அழுக்கு இல்லை அம்மா, தடம். நான் கரும்பலகையில் எப்படி எழுதுவேனோ அப்படியே. எழுத்துத் தொடங்குகிற இடத்தில் விரலை ஊன்றியிருக்கிறாள், அங்கே நன்றாகத் தேய்ந்திருக்கிறது. முடிகிற இடத்தில் லேசாக எடுத்திருக்கிறாள், அங்கே சொரசொரப்பு மிச்சமிருக்கிறது. 'அ' கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. 'ஆ' அதைவிடக் கொஞ்சம் குறைவு. வரவரக் குறைந்துகொண்டே வருகிறது. 'ஐ' பாதிதான் தேய்ந்திருக்கிறது. அன்றைக்கு நான் இரண்டாவது பஸ்ஸில் போயிருந்தால், என்று நினைத்துக்கொள்கிறேன். என்ன நினைத்து என்ன.

அந்தப் பயிற்சியில் அவர் சொன்னாரே, ஒரு பிள்ளைக்குக் கை வழியாகப் போகும் என்று. என் வகுப்பில் அந்தப் பிள்ளை யார் என்று எனக்குத் தெரியவே இல்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. எந்தப் பொருள் தனக்கு வேண்டும் என்று அவளே கண்டுபிடித்து, அவளே எடுத்து, அவளே படித்திருக்கிறாள். ஒரு வாய் தண்ணீர்கூட நான் எடுத்துக் கொடுத்ததில்லை அவளுக்கு. அவள்தான் எனக்கு எடுத்து வைப்பாள்.

இந்தப் பெட்டியை அவளிடம் கொடுக்க வேண்டும். அவள் அம்மா இன்னும் இருக்கிறாளாம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும். அந்தத் தெருவில், நாலு பேர் கேட்க. என்ன வார்த்தை என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். விலக்கு வந்ததும் தொண்டையில் நின்றுவிடுகிறது. பேங்கில் நான் யாரோ என்று சொன்னேனே, இப்போது டீச்சர் என்று சொல்லிக்கொண்டு எப்படிப் போய் நிற்பது? சான்றிதழையும் எடுத்து வந்திருக்கிறேன், அவளுக்குக் காட்டலாம் என்று. அவள் தொட்ட எழுத்துக்குத்தானே, ஒரு வகையில் அவளுக்கும்...

ஏய்! தொடாதே என்று எத்தனை தடவை சொல்வது! பிய்த்துவிடப் போகிறாய்! எடு கையை!

ஐயோ.

இல்லை, இல்லை, நீங்கள் அடிக்காதீர்கள் அவளை. விடுங்கள். எப்போது கயிற்றை அவிழ்த்தாள்? நான் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். சத்தம் கேட்டது, சர் சர் என்று. நான் சொல்கிற கதையில் கேட்கிற சத்தம் என்று இருந்துவிட்டேன்.

பாப்பா. இங்கே பாரம்மா. கையைக் காட்டு. காட்ட மாட்டாயா? பாருங்கள், முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். இரண்டு கையையும். நான் தொடவே இல்லையே இவளை. குரலை உயர்த்தினேன், அவ்வளவுதான். அவ்வளவுதானா? ஏறினதிலிருந்து எத்தனை தடவை தொடாதே என்றேன் இவளிடம்? நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். ஒன்றும் சொல்லவில்லை நீங்கள். எப்படிச் சொல்வீர்கள், பெரியவள், டீச்சர் வேறு.

வந்துவிட்டது, அதோ, விலக்கு. கண்டக்டர் என்னைத்தான் பார்க்கிறான். "டீச்சர், வாகைப்பட்டி விலக்கு! எந்திரிக்கிறீங்களா, போவமா?" கேட்கிறது தம்பி, ஒரு நிமிஷம்.

நான் இறங்கின பிறகு நீங்கள் இவளிடம் சொல்லிவிடுங்கள் அம்மா, அது என்னவென்றால். இல்லை. நீங்கள் சொல்ல வேண்டாம். அது அப்படி இல்லை.

பாப்பா, நீ ஒரு தப்பும் செய்யவில்லை. தொடத்தான் செய்தேன் இதை. தொடுவதற்குத்தான். தப்புச் செய்தது நான்.

கேட்டதா உங்களுக்கு? சொல்ல வந்துவிட்டது. இவ்வளவுதான் அது. தொண்டையில் ஒன்றுமே இல்லை. இதற்கு இருபத்தாறு வருஷம்.

இறங்குகிறேன் தம்பி, விசில் கொடுத்துவிடாதே! பெட்டியைக் கட்ட வேண்டாம் அம்மா, அப்படியே கொடுங்கள், உரசினால் உரசட்டும். பாப்பா இன்னும் கையை வெளியே எடுக்கவில்லை. எடுப்பாள். அவசரப்படுத்தாதீர்கள்.

என்ன, மஞ்சள் பையா? அதில் அந்தச் சான்றிதழ் மட்டும்தான். அது வேண்டுமானால் நத்தம் வரைக்கும் போகட்டும்.